மண்ணுக்குள் குழாய், வீட்டிற்குள் வெப்பம்

வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளை நோக்கியே செல்லும் என்று தமிழ்ப்பள்ளியின் அறிவியல் பாடத்தில் படித்தோம். ஆனால், சுவீடன் நாட்டில் பல வீடுகள் கடுங்குளிர் காலத்தில் குளிர்ந்த நிலத்தடிப் பாறையிலிருந்தே வெப்பத்தைப் பெறுகின்றன. இது எவ்வாறு இயலும்? இயந்திரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், எனக்குப் புரிந்தவரை இங்கே விளக்குகிறேன்.

சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அது அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ஸ்டாக்ஹோமில் வெளியே பனி உறைந்தாலும், பாறைக்குள் சுமார் 8 பாகை செல்சியஸ் நிலவும்.

அங்கே 100 முதல் 200 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, பாலிஎத்திலின் குழாயை ஊசிவளைவு போல இறக்குகிறார்கள். அதனுள் எத்தனால் கலந்த நீர் சுற்றி வருகிறது. பாறையைவிடக் குளிர்ந்து இறங்கும் நீர், சில பாகை வெப்பம் பெற்று மேலேறுகிறது. வீட்டிலுள்ள வெப்ப ஏற்றி அவ்வெப்பத்தை வாங்கி, அமுக்கி, வெப்பநிலையை உயர்த்தித் தரையடிக் குழாய்களுக்கு அனுப்புகிறது. நம் குளிர்சாதனப் பெட்டியும் இதே முறையில்தான் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு பங்கு மின்சாரத்திற்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும்.

இதில் குழாய் வேலையே உயிர்நாடி. புதைத்தபின் பழுது பார்ப்பது மிகக் கடினம். எனவே மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இணைப்பு. குழாய் முனைகளைப் பசையால் ஒட்டாமல், உருக்கி ஒன்றாக்க வேண்டும். மூடுமுன் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

இரண்டாவது, காற்று. உள்ளே தங்கும் காற்று ஓட்டத்தைத் தடுக்கும். ஆகவே, தொடக்கத்தில் வலுவான பம்பு கொண்டு நீரை வேகமாகச் செலுத்தி அதனை வெளியேற்ற வேண்டும்.

மூன்றாவது, சமநிலை. பல சுற்றுகள் இருந்தால், தடை குறைந்த வழியிலேயே நீர் அதிகம் ஓடும். முதலில் நீர் பெறும் சுற்று, திரும்பும் குழாயில் கடைசியாகச் சேருமாறு அமைத்தால் எல்லா வழிகளின் நீளமும் ஏறக்குறைய சமமாகும்.

இம்முறை மலேசியாவிற்கு ஏற்றதா? கோலாலம்பூரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 28 பாகை. மண்ணும் அதை ஒட்டியதே. நண்பகல் காற்று 33 பாகை என்றால், வேறுபாடு வெறும் ஐந்து பாகைதான். மேலும், குளிரூட்டி நாள்தோறும் மண்ணில் கொட்டும் வெப்பத்தைத் திரும்ப எடுக்க இங்கே குளிர்காலம் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, குழாயைச் சுற்றியுள்ள மண் சூடேறி, அந்த வேறுபாடும் சுருங்கும்.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டத்திற்கு இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் தம்பி, தங்கைகள் வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்தாள வேண்டாம். முதலில் நம் மண்ணில் வெப்பமானியை இறக்கி அளந்து பாருங்கள்.