வரைந்தவரும் சரிபார்த்தவரும்

நெடுநல்வாடையைப் பாடங்கேட்ட நாள் முதல் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து, மாசேறிய ஆடையுடன் கிடக்கும் அரசியை, வண்ணம் ஊட்டப்பெறாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியத்தோடு ஒப்பிடுகின்றார் நக்கீரர். வண்ணம் தீட்டுவதற்கு முன்னுள்ள கோட்டு நிலையைத் தனியாகக் கண்டு, அதற்கென ஒரு பெயரும் வைத்திருந்தனர் நம் முன்னோர் என்பது இதனாற் பெறப்படும். ஓவியக் கலைக்கென நூல் இருந்தமையை மணிமேகலையும் குறிக்கின்றது. அந்நூல் நமக்குக் கிடைத்திலது. கிடைத்திருப்பின், புனையா ஓவியத்தைப் பயிலத் தொடங்கும் மாணாக்கனுக்கு ஆசிரியன் குறைகூறும் முறை யாது என்று அதிற் பார்த்திருப்பேன். இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுந்தது அதுவே.

நம் நாட்டில் ஓவியம் பயில்வார்க்கு முதற்பள்ளி வீட்டு வாயிலேயாம். மார்கழி வைகறையில் அம்பத்தூர்த் தெருக்களில் நடப்பவர் இன்றும் இதனைக் காணலாம். தாய் புள்ளி வைத்துக் கோலம் இழைக்க, அருகிற் குந்தியிருக்கும் சிறுமி ஓர் ஓரத்தில் தானும் இழைப்பாள். இழை தவறினால், “ஒரு புள்ளியை விட்டுவிட்டாய், பார்” என்பாள் தாய். சிறுமி அதனைக் கையால் துடைத்துவிட்டு மீண்டும் இழைப்பாள். தாய் குறைகூறியது புள்ளியைப் பற்றியே. மகளைப் பற்றி அன்று. தாளும் பென்சிலும் கைக்கு வந்தவுடன் இவ்வெளிய முறையை நாம் மறந்துவிடுகின்றோம். யான் மறந்த கதையை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற மே மாதம், அம்பத்தூரில் எங்கள் ஆலயத்து விடுமுறை வேதாகமப் பள்ளியில், நாள்தோறும் ஒரு மணி நேரம் சிறுவர்க்கு ஓவியம் பயிற்றும் பணி எனக்கு வாய்த்தது. யான் ஓவியத்தில் வல்லவள் அல்லேன். பள்ளி நாளிற் சிறிது பயின்றவள், அவ்வளவே. ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பதினான்கு பேர் வந்திருந்தனர். திருமுல்லைவாயிலிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வந்தோரும் அவருள் உளர். முதல் நாள், தரையில் பாயின் நடுவே எவர்சில்வர்ச் சொம்பு ஒன்றை வைத்துச் சுற்றி அமர்ந்து வரையச் சொன்னேன். ஆவடிச் சிறுவன் ஒருவன் நாவைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வரைந்தான். சொம்பின் வாயை முழுநிலாப்போல் வட்டமாக இட்டு, அடியை அளவுகோல் வைத்தாற்போல் நேர்கோடாக முடித்திருந்தான். யான் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கி, “இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே, அவன் இட்ட கோடுகளின் மேலேயே அழுத்தி, வாயைத் தட்டையாக்கி, அடியை வளைத்துக் கொடுத்தேன். சூழ இருந்தவர் எல்லாரும் இப்பொழுது சொம்பு போலவே இருக்கின்றது என்று மகிழ்ந்தனர். அவன் மட்டும் தாளை என்னிடமே நீட்டி, “இது உங்க சொம்பு அக்கா, என்னுது இல்ல” என்றான். மறுநாள் அவன் வரவில்லை.

யான் கூறிய திருத்தம் பொய்யன்று, மெய்யே. பின் ஏன் அது பயன்படாது போயிற்று? சொம்பின் வாய் வட்டம் என்பது அச்சிறுவனது அறிவு. கைவிட்டுத் துலக்கி அறிந்த வட்டம் அது. சொம்பு சமதரையில் நிற்கின்றது. ஆதலின் அடி நேராகவே இருக்க வேண்டும் என்பதும் அவன் அறிவே. ஆனால், பாயில் அமர்ந்து மேலிருந்து சாய்வாக நோக்கும் கண்ணுக்கு வாய் வட்டமாகத் தோன்றாது, நீள்வட்டமாகவே தோன்றும். சொம்பைத் தூக்கி வாய்விளிம்பு கண்ணின் மட்டத்துக்கு நேராக வரும்படி பிடித்தால், நீள்வட்டம் ஒடுங்கி ஒரே கோடாகிவிடும். மேலும் வியப்பான செய்தி ஒன்றுண்டு: கண்மட்டத்துக்குக் கீழே எத்துணை இறங்குகின்றதோ அத்துணை அந்நீள்வட்டம் அகன்று கொடுக்கும். ஆகவே தரையைத் தொடும் அடிவிளிம்பின் வளைவு, வாய்விளிம்பின் வளைவைக் காட்டிலும் மிகுதியாகவே இருக்க வேண்டும். சிறுவன் நேர்கோடிட்ட இடந்தான் மிகவும் வளைய வேண்டிய இடம்! அவன் அறிவு சொன்னதை வரைந்தான். கண் கண்டதை வரைந்திலன். முகம் வரைவோர் பெரும்பாலார் கண்களை நெற்றிக்கருகில் ஏற்றிவிடுவதும் இதனாலேயே. உச்சி முதல் மோவாய் வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழ நடுவிலேயே நிற்கும். நாம் கண்ணையும் வாயையும் நோக்கிப் பேசிப் பழகியவர்களாதலின், மேலுள்ள பாதியைக் கணக்கில் வைப்பதில்லை. தொடக்க நிலைப் பிழைகளிற் பெரும்பாலன கைப்பிழைகள் அல்ல, காட்சிப்பிழைகளே. பிறர் கோட்டைத் தன் தாளில் வாங்கிக்கொள்வதால் ஒருவனது காட்சி எங்ஙனம் திருந்தும்?

இந்நிகழ்ச்சியை என் பாட்டனாரிடம் கூறினேன். அவர் 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டிராப்ட்ஸ்மேனாகப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் அவர் ஒன்றும் பேசாது இரும்புப்பெட்டியைத் திறந்து, மடிப்புகளில் நைந்துபோன வரைபடத் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். ஏதோ பொறியின் அச்சுத்தண்டு அதில் வரையப்பட்டிருந்தது. வலப்பக்கக் கீழ்மூலையில் கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘வரைந்தவர்’ என்பதற்கு நேரே அவர் கையொப்பம். அதற்கடுத்து ‘சரிபார்த்தவர்’ என்பதற்கு நேரே வேறொருவர் கையொப்பம். இரண்டும் இல்லாத தாளைக் கடைசற்காரர் கையாலும் தொடமாட்டாராம். அளவு தவறி இரும்பு அறுபட்டுப் போனால், கேள்வி இருவரிடத்தும் வரும். குறைகூறுதல் ஒரு தொழிற்கடமை, அதற்கும் கையொப்பம் உண்டு என்பது எனக்குப் புதுச்செய்தி.

அவர் கூறிய இரண்டு வழக்கங்கள் இன்னும் சுவையுடையன. சரிபார்ப்பவர் மூலப்படத்தில் ஒரு புள்ளியும் வையார். அதன் படியெடுத்த தாளிலேயே குறிகளை இடுவார். மூலம் வரைந்தவனுக்கே உரியது. திருத்த வேண்டியவனும் அவனே. இஃது ஒன்று. மற்றொன்று: அவர் இருந்த அறையில், சரிபார்ப்பவர் கையில் எப்பொழுதும் இரண்டு வண்ணப் பென்சில்கள் இருக்கும். பிழையான அளவுக்குச் சிவப்பு. சரியான அளவுக்கு மஞ்சள். எந்தக் கோடும் எந்த எண்ணும் ஏதேனும் ஒரு நிறம் பெறாமல் தப்ப முடியாது. “சிவப்பு மட்டும் இட்டால், மற்றவற்றை அவர் பார்த்தாரா, பாராமல் விட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றியபடியே பாட்டனார் கேட்டார்: “அது சரி அம்மா, அந்தப் பிள்ளையின் தாளில் நீ மஞ்சள் எங்கே போட்டாய்?”

யான் எங்கும் போடவில்லை. நினைந்து பார்த்தபொழுதுதான், சொம்பின் கழுத்து ஒடுங்கி மீண்டும் விரியும் இடத்தை அவன் எவ்வளவு நுட்பமாக இழைத்திருந்தான் என்பதும், பாயில் விழுந்த நிழலைப் பதினால்வருள் அவன் ஒருவனே கண்டு வரைந்திருந்தான் என்பதும் நினைவுக்கு வந்தன.

மஞ்சள் என்பது வெறும் புகழ்ச்சியன்று. இதனையும் ஈண்டுச் சொல்லிவிட வேண்டும். இக்காலத்தில் வரைந்த படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால், பார்த்தும் பாராததுமாய் உயர்த்திய கட்டைவிரல் ஒன்று திரும்பி வருகின்றது. மீறினால் ‘சூப்பர்’ என்றொரு சொல் வருகின்றது. இதனால் மாணாக்கன் கற்பது யாது? எந்தக் கோடு நன்று, ஏன் நன்று என்று காட்டாத புகழ்ச்சி, எங்கே தவறு என்று காட்டாத இகழ்ச்சியைப் போன்றே பயனற்றது.

பாட்டனார் கூறியது பட்டறை வழக்கம். கலைப்பள்ளிகளின் வழக்கம் யாது என்று தேடினேன். பூவிருந்தவல்லியிலிருந்து நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலையில், எழும்பூரை அணுகும் பேருந்திலிருந்தே காணத்தக்க செந்நிறக் கட்டடங்களில் அரசு கவின்கலைக் கல்லூரி நடைபெறுகின்றது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே அதன் மூலம். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமையை ஏற்றார். இந்தியருள் அப்பதவியை முதலில் ஏற்றவர் அவரே. சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைச் சமைத்தவர் இவர் என்றால் எல்லார்க்கும் விளங்கும். ஆங்கில ஆட்சிக்காலத்துக் கலைப்பள்ளிகளில் தொடக்க மாணாக்கர்க்கு நெடுங்காலம் வழங்கிய பாடம், அச்சிட்ட கோட்டுப்படங்களையும் சுண்ணச் சிற்ப வார்ப்புகளையும் பார்த்து வரைதல். அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்ததைத் திருத்துவது மிக எளிது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்திருக்கின்றதா என்று பார்த்தால் முடிந்தது. ஆயின் அங்கே அளவுகோல் பிறர் இட்ட கோடேயாகும். மாணாக்கன் பொருளைக் கண்டானா என்னும் வினா எழுவதேயில்லை. யான் ஆவடிச் சிறுவனுக்குச் செய்ததும் இதுவன்றோ? அச்சுப்படத்துக்குப் பதிலாக என் கோடு, அவ்வளவே வேறுபாடு.

இம்முறையை அக்காலத்திலேயே மறுத்து நின்றவர் இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின். 1854 முதல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரியில் மாலைவேளையில் ஓவியம் கற்பித்த அவர், 1857-இல் தொடக்க மாணாக்கர்க்கென ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது தொலைவிலுள்ள மாணவனுக்கு எழுதும் மூன்று கடிதங்களாக அமைந்தது. முதற்பயிற்சி யாது எனின், ஒரு சிறு சதுரத்தைப் பேனாக் கோடுகளால் எங்கும் ஒரே கருமையாக நிரப்புதல். சில பயிற்சிகள் கடந்தபின், தெருவிற் கிடக்கும் உருண்டைக்கல் ஒன்றைப் பொறுக்கிவந்து வரைதல். இவற்றின் நுட்பம் யாதெனில், சரியா தவறா என்பதை மாணவனே காணலாம். சதுரத்தில் ஒரு மூலை வெளுத்திருந்தால் ஆசிரியர் கடல்கடந்து வந்து சொல்ல வேண்டுவதில்லை. தச்சனை ஓவியனாக்குவது தம் நோக்கமன்று, தச்சனாகவே மகிழ்ந்திருக்கச் செய்வதே நோக்கம் என்ற கருத்தையும் அவர் கூறியிருக்கின்றார். தொழிற்பேட்டைப் பிள்ளைகள் நிறைந்த எங்கள் பகுதிக்கு அது மிகவும் பொருந்தும்.

இவற்றை உட்கொண்டு மூன்றாம் நாள் வகுப்பை மாற்றினேன். ‘வாய் தவறு’ என்று சொல்வதை விடுத்து, கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வரச் சொன்னேன். “அக்கா, அகலத்தில் கால்பங்குகூட உயரம் இல்லை!” என்று ஒரு சிறுமி கூவினாள், தன் வட்டத்தைத் தானே அழித்தாள். சொம்பு ஒருபுறம் சாய்ந்திருந்தவர்க்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் நூலில் ஒரு கல்லைக் கட்டிக் கொடுத்தேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பி நோக்கினாலும், லியனார்டோ டாவின்சி சொன்னவாறு கண்ணாடியிற் காட்டி நோக்கினாலும், பழகிப்போன கண்ணுக்கு மறைந்திருந்த கோணல் பளிச்செனப் புலப்படுகின்றது. என் கோட்டைக் காட்டியே தீரவேண்டிய இடத்தில், அவர்கள் தாளின்மேல் டிரேசிங் தாளை விரித்து அதில் வரைந்து காட்டினேன். தாளுக்கு ஒரு சிவப்புக்கு மேல் இடுவதில்லை என்றும் உறுதி செய்துகொண்டேன். ஏனெனில் ஐந்து பிழைகளை ஒருங்கே கேட்ட பிள்ளை ஒன்றையும் திருத்துவதில்லை.

இனி, குறை கேட்பவர் நிலை. நன்னூலார் நல்லாசிரியனுக்கு உவமையாகக் கூறியவற்றுள் நிறைகோலும் ஒன்றென்பதை நாம் அறிவோம். மாணாக்கர்க்கு அவர் கூறிய உவமைகளை ஓவிய வகுப்பில் நின்று நோக்கினால் புதுப்பொருள் தருகின்றன. அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது போலத் திருத்தத்திற் கொள்ளத்தக்கதைக் கொள்வோன் ஒருவன். ஆவைப் போல நிரம்பக் கேட்டுக்கொண்டு வீட்டிற்குப் போய் அசைபோடுவோன் ஒருவன். ஆடு போல ஒரு படத்தையும் முடிக்காமல் அடுத்த படத்துக்குத் தாவுவோரும் உளர். இவருள் எனக்கு நெஞ்சிற் சுடுவது நெய்யரியின் உவமையே. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ளும். பள்ளிநாளில் என் படம் ஒன்றைப் பார்த்த ஒருவர், ‘இது குதிரையா, கட்டிலா?’ என்று நகைத்துவிட்டு, முன்கால் மூட்டு எங்கே மடியும் என்பதையும் விளக்கினார். நகைப்பு இன்றும் நினைவில் இருக்கின்றது. மூட்டு எங்கே மடியும் என்பது மறந்தே போயிற்று. பிழை அவருடையதா, என்னுடையதா என்று இப்பொழுதும் எனக்குத் துணிவு பிறக்கவில்லை.

கேட்பவர் எவர் சொல்லை எவ்வளவு கொள்ளலாம் என்பதற்கு, உரோமானியர் பிளினி எழுதிவைத்த பழங்கதை ஒன்றுண்டு. கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் தம் படத்தை வழிப்போக்கர் காண வைத்துவிட்டுப் பின்னே மறைந்திருந்து செவிகொடுப்பாராம். செருப்புத் தைப்போன் ஒருவன், மிதியடியில் வார்க்கண்ணி ஒன்று குறைகின்றது என்றான். அன்றே அதைத் திருத்தினார். மறுநாள் அதைக் கண்டு இறுமாந்த அவன், காலையும் குறைகூறத் தொடங்கினான். மிதியடிக்கு மேலே ஏறவேண்டா என்று வெளிவந்து தடுத்தார் அப்பெல்லீஸ். இக்கதையை எல்லாரும் அவனை நகைப்பதற்கே கூறுவர். எனக்கோ, புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் அவன் சொன்ன வார்க்கண்ணியை அன்றே திருத்தினார் என்பதுதான் பெரிதாகப் படுகின்றது.

ஏழாம் நாள் அச்சிறுவன், தன் தங்கையைக் கொண்டுவந்து விடும் சாக்கில், வாயிலில் வந்து நின்றான். யான் அவனை வரையச் சொல்லவில்லை. அன்று காலை யானே வரைந்திருந்த சொம்பின் படத்தையும், சிவப்பு, மஞ்சள் பென்சில்களையும் கொடுத்து, சரிபார்த்துத் தரும்படி கேட்டேன். நெடுநேரம் சொம்பையும் தாளையும் மாறிமாறி நோக்கினான். வாயில் மஞ்சள் இட்டான். அடிவளைவில் சற்றுத் தயங்கி மஞ்சளே இட்டான். பின், சொம்பின் இடப்புறத்து வெற்றிடத்தில் சிவப்பாற் பெரியதொரு சுழி சுழித்து, “நிழலை விட்டுட்டீங்க அக்கா” என்றான்.

மூலையில் இரண்டு கட்டம் இட்டு, ஒன்றில் என் பெயரை எழுதி, மற்றொன்றை அவனிடம் நீட்டினேன். தன் பெயரை மெல்ல எழுத்தெழுத்தாக எழுதி முடித்தபின், புதுத் தாள் ஒன்று இருக்கின்றதா என்று கேட்டான்.