பண்டைய கிரேக்கத்தை எந்த உச்சரிப்பில் படிப்பது? தொடக்கநிலை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பண்டைய கிரேக்கம் படிக்கத் தொடங்குபவரை முதலில் குழப்புவது உச்சரிப்பு. ஒரே சொல்லைப் பாடநூல் ஒரு விதமாக ஒலிக்கச் சொல்லும்; ஏதென்ஸில் பிறந்த ஆசிரியர் வேறு விதமாக ஒலிப்பார். இரண்டுமே முறையானவை. உங்கள் தேவைக்குரியதைத் தேர்ந்து, அதில் உறுதியாக நில்லுங்கள்.

படி 1: மூன்று முறைகளை அறியுங்கள்

எராஸ்மஸ் முறை: டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் வெளியிட்ட நூலை ஒட்டி வளர்ந்தது. மேலைநாட்டு வகுப்பறைகளில் பரவலானது. நாட்டுக்கு நாடு சற்று மாறும்.

நவீன கிரேக்க முறை: இன்றைய கிரேக்கர்களும் அவர்களது திருச்சபையும் பழைய நூல்களை வாசிக்கும் முறை.

மீட்டுருவாக்க முறை: கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் பேச்சொலியைச் சான்றுகளால் மீட்பது. அக்கால நாடகம் ஒன்று செம்மறியின் குரலை பீட்டா, ஈட்டா எழுத்துகளால் எழுதியது. நவீன முறையில் அது 'வீ வீ' ஆகிவிடும். ஆடு அப்படிக் கத்தாது. ஈட்டா அன்று 'ஏ' என்றே ஒலித்தது.

படி 2: நோக்கத்தை முடிவு செய்யுங்கள்

கிரீஸில் பேசிப் பழகவும் வழிபாட்டில் கலந்துகொள்ளவும் விரும்பினால் நவீன முறை. பிளேட்டோவையும் ஹோமரையும் வாசிக்க மற்ற இரண்டில் ஒன்று. நவீன முறையில் பல உயிரெழுத்துகள் 'இ' என்றே ஒலிப்பதால், பழைய மொழியின் 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டும் 'இமீஸ்' ஆகிவிடும். எழுத்துக்கூட்டலை மனத்தில் பதிக்கப் புதியவர் கூடுதலாக உழைக்க வேண்டும்.

படி 3: குறில் நெடிலைக் காப்பாற்றுங்கள்

எராஸ்மஸ், மீட்டுருவாக்க முறைகளில் எப்சிலான் 'எ', ஈட்டா 'ஏ'. ஒமிக்ரான் 'ஒ', ஒமேகா 'ஓ'. தமிழருக்கு இது கைவந்த வேறுபாடு. ஆல்பா, அயோட்டா, உப்சிலான் மூன்றும் குறிலாகவும் நெடிலாகவும் வரும். அகராதி பார்த்தே பழகுங்கள். ஹோமரின் யாப்பு இந்த அளவின்மேல்தான் நிற்கிறது.

படி 4: வல்லினத்தை மெலியவிடாதீர்கள்

தமிழில் உயிர்களுக்கு இடையே வரும் க, த, ப மெலிந்து ஒலிக்கும். கிரேக்கக் காப்பா, டௌ, பை உயிர்களுக்கு இடையிலும் வன்மையாகவே ஒலிக்கும். மீட்டுருவாக்க முறையில் ஃபை, தீட்டா, கை மூன்றையும் இந்தியின் மூச்சொலிகளைப் போலக் காற்றோடு சொல்லுங்கள். எராஸ்மஸ் முறையில் ஃபை வெறும் 'ஃப'.

படி 5: அசைக் குறிகளைக் கவனியுங்கள்

உயிரெழுத்துகளின்மேல் இடப்படும் இக்குறிகள் பழங்காலத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டின. பின்னாளில் அது அழுத்தமாக மாறியது. தொடக்கத்தில் குறியுள்ள அசையை அழுத்திச் சொன்னால் போதும்.

படி 6: வாய்விட்டு வாசியுங்கள்

தேர்ந்தெடுத்த முறையிலேயே அமைந்த ஒலிப்பதிவைக் கேட்டு, தினமும் சில வரிகளை உரக்கப் படியுங்கள். முதல் பாடநூல் முடியும்வரை முறையை மாற்றாதீர்கள். ஒன்று நாவில் படிந்தபின் மற்றவற்றைக் கற்பது எளிது.