கிராமப் பள்ளியில் கலைப் பயிற்சி முகாம்

கரையில் நின்று எத்தனை நாள் பார்த்தாலும் நீச்சல் வாராது. நீரில் இறங்கினால்தான் வரும். கலையும் அத்தகையதே. இன்று நம் கிராமத்துப் பிள்ளைகள் ஆட்டமும் பாட்டும் காணாத நாள் இல்லை. கைபேசியைத் திறந்தால் உலகத்துக் கலைகளெல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும், ஒரு பாட்டைத் தானே பாடவும், ஒரு பொம்மையைத் தன் கையால் செய்யவும், பத்துப் பேர் முன்னிலையில் அஞ்சாது பேசவும் அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இக்குறையைப் போக்க ஒரு பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

மாறிவிட்ட ஊர்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அண்மையிலுள்ள வல்லம் வடகாலை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனமும் நெல் சாகுபடியுமாக இருந்த இவ்வட்டாரத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா பரந்து கிடக்கிறது. 2017-ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய பெரும் விடுதி திறக்கப்பட்டது. வேலை தேடி வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்துகொண்டிருக்கின்றனர்.

இத்தகைய ஊர்களில், பரம்பரையாக நிலத்தை உழுதவரின் பிள்ளையும், நேற்று வந்து குடியேறியவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். சில பிள்ளைகளின் தாய்மொழியே வேறு. இவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பாடப்புத்தகம் மட்டும் போதாது. களிமண்ணைப் பிசைவதற்கும் தாளம் போடுவதற்கும் பொது மொழி வேண்டியதில்லை.

"நாளை தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கூத்து எதற்கு?" என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வழியாகவே கல்வி புகட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். அளவறிந்து செய்யும் கையும், உற்று நோக்கும் கண்ணும், பிறரோடு இணங்கி வேலை செய்யும் பழக்கமும் எத்தொழிலுக்கும் வேண்டியவை. நாற்பது பேர் முன்னிலையில் வசனம் பேசிப் பழகிய பெண், நாளை கிராம சபையிலும் எழுந்து பேசத் தயங்க மாட்டாள்.

அண்டையிலுள்ள உதாரணம்

இதற்கு நாம் நெடுந்தூரம் சென்று வழி கேட்க வேண்டியதில்லை. நம் தொண்டை மண்டலம் கட்டைக்கூத்தின் தாயகம். அரசரும் வீரரும் அணியும் மரத்தாலான கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் முதலிய அணிகளாலேயே இக்கூத்துக்கு அப்பெயர் வந்தது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும், இரவு முழுவதும் கூத்தும் நடைபெறுவதை நம் முதியோர் நன்கறிவர். விழாவின் இறுதியில் தரையில் மண்ணால் வனையப்படும் துரியோதனன் உருவம், கைவினையும் நடிப்பும் ஒன்றாகக் கலந்த காட்சியாகும்.

இக்கலைஞர்கள் கூடி 1990-ஆம் ஆண்டில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். பின்னர் 2002-இல், கலைஞர் பெருங்கட்டூர் இராஜகோபாலும், நெதர்லாந்து நாட்டில் பிறந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் குருகுலத்தை நடத்தலாயினர். அங்குப் பிள்ளைகள் தங்கி, பொதுக் கல்வியையும் கூத்தையும் சேர்த்துப் பயின்றனர். ஆடவரே பெண் வேடமும் பூண்டு வந்த கலையில் சிறுமியரும் பயிற்சி பெற்று மேடையேறியது அங்கு நிகழ்ந்த பெரிய மாறுதல். குருகுலம் 2020 வரை நடைபெற்றது.

ஒரு நிறுவனம் பதினெட்டு ஆண்டுகள் சுமந்த பொறுப்பை இனிக் கிராமங்கள் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கற்பாரின்றிப் போனால் கூத்து நம் கண்முன்னரே நின்றுவிடும். ஆண்டுக்கு ஐந்து நாள் முகாமினால் கூத்துக் கலைஞர் உருவாகிவிட மாட்டார். ஆனால் கூத்தின் அருமை அறிந்த ஒரு தலைமுறை உருவாகும். அவர்களுள் ஓரிருவர் மேலும் கற்க முன்வரலாம்.

முகாம் நடத்தும் முறை

அரையாண்டுத் தேர்வு விடுமுறை இதற்கு ஏற்ற காலம். கூத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தை பிறந்த பின்னரே மிகுதியாக நடைபெறுவதால், மழைக்கால இறுதியில் கலைஞர்கள் கிடைப்பார்கள். இடம் பள்ளித் தாழ்வாரமே போதும். நாற்பது பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். கூத்துக் கலைஞர் இருவர், மண்பாண்டத் தொழிலாளர் ஒருவர், ஆசிரியர் ஒருவர் ஆகியோர் பொறுப்பேற்கலாம். முற்பகலில் கைவேலையும் பிற்பகலில் ஆட்டமும் என்று வகுத்துக்கொள்வது நலம்.

முதல் நாள்: ஏரிக் களிமண்ணை இரண்டு நாள் முன்னதாகவே ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, சலித்த மணல் சிறிது கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். மணல் கலவாத மண் காயும்போது வெடிக்கும். ஒவ்வொரு பிள்ளையும் பலகையின்மீது ஒரு முக வடிவத்தைச் செய்ய வேண்டும். பிற்பகலில் கை தட்டித் தாளம் போடவும், தாளத்துக்கேற்ப அடி வைக்கவும் பழகலாம்.

இரண்டாம் நாள்: மண் முகத்தின்மீது நீரில் நனைத்த காகிதத் துண்டுகளை முதலில் ஒட்ட வேண்டும். அதன்மேல் மைதாப் பசை தடவிய பழைய செய்தித்தாளை ஆறேழு அடுக்கு ஒட்டி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். முதல் அடுக்கில் பசை சேர்த்தால் முகமூடி மண்ணை விட்டுப் பெயராது. காஞ்சிபுரத்துப் பொம்மைக் கலைஞர்கள் காகிதக் கூழால் கொலுப் பொம்மைகள் செய்வதை இவ்வேளையில் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம்.

மூன்றாம் நாள்: முகமூடிகள் உலரட்டும். பிள்ளைகள் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவற்றைத் தொட்டும் இசைத்தும் பார்க்கலாம். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் திரைக்குப் பின்னின்று வெளிப்படும்; கட்டியக்காரன் அதனை வினவி அறிமுகப்படுத்துவான். இம்முறையையே பயிற்சியாக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் திரை விலக்கி வந்து, தன் பெயர், ஊர், பெற்றோரின் தொழில் ஆகியவற்றைக் கூறட்டும். வேற்று மொழிப் பிள்ளை தன் மொழியிலேயே கூறலாம். கட்டியக்காரனாக நிற்கும் தோழன், அதனைத் தனக்குத் தெரிந்தவாறு தமிழில் எடுத்துரைப்பான். நகைப்பும் பிறக்கும், நட்பும் பிறக்கும்.

நான்காம் நாள்: முகமூடியைப் பெயர்த்தெடுத்து வண்ணம் தீட்ட வேண்டும். உலராதவற்றை மறுநாள் காலை தீட்டலாம். ஏரி தூர்ந்தது, நிலம் ஆலையானது, புதியவர் ஊருக்கு வந்தது போன்ற ஊர்ச் செய்தி ஒன்றைக் கதையாகப் பிள்ளைகளே அமைக்கட்டும்.

ஐந்தாம் நாள்: பிற்பகலில் ஒத்திகை, மாலையில் பெற்றோர் முன்னிலையில் அரைமணி நேரக் கூத்து. இருட்டுமுன் முடித்துப் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, கலைஞர்களுக்கு ஊதியம். விவசாயக் கூலியைப் பேசி முடிவு செய்கிறோம். கலைஞரை மட்டும் "ஊருக்காகச் செய்யுங்கள்" என்று கேட்பது முறையன்று. முகாமின் செலவில் ஊதியமே முதலிடம் பெற வேண்டும். களிமண்ணும் பழைய காகிதமும் அதிகச் செலவு வைப்பன அல்ல.

இரண்டாவது, சாதி வேற்றுமை. பறை ஒருவருக்கு, மண் பிசைதல் ஒருவருக்கு என்று ஒதுக்கிவைத்த வழக்கம் முகாமில் தலைகாட்டலாகாது. எல்லாக் கருவிகளையும் எல்லாப் பிள்ளைகளும் தொட வேண்டும். பறையைத் தொட மறுக்கும் பிள்ளை இருந்தால், முதலில் பேச வேண்டியது அப்பிள்ளையின் பெற்றோரிடம்தான். அப்பேச்சைப் பஞ்சாயத்து உறுப்பினர்களே முன்நின்று நடத்த வேண்டும்.

மூன்றாவது, பெண் குழந்தைகள். நாற்பது பேரில் பாதிப் பேராவது சிறுமியராக இருத்தல் வேண்டும். ஆசிரியை ஒருவரும் தாய்மார் சிலரும் முழுநேரமும் உடனிருந்தால் பெற்றோரின் அச்சம் நீங்கும்.

நான்காவது, பரிசு வேண்டாம். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்திவரும் கலைத் திருவிழாவில் போட்டிக்கு இடமுண்டு. அங்கே திறமை மிக்கவர் மேலே செல்வர். முகாமிலோ, கூச்சத்தால் பின்வரிசையில் நிற்கும் பிள்ளையே நாம் தேடும் பிள்ளை. அப்பிள்ளை திரை விலக்கி வெளியே வந்தால் முகாம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.

யார் தொடங்குவது?

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர், ஆசிரியர்களுடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இடம்பெறுகின்றனர். எனவே இது பள்ளியின் வேலை என்று பஞ்சாயத்தும், பஞ்சாயத்தின் வேலை என்று பள்ளியும் ஒதுங்க இடமில்லை. அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபையில் இதனை முன்வைத்தால், டிசம்பரில் முகாம் நடத்தப் போதிய அவகாசம் கிடைக்கும். உழவர்கள் மண்ணும் வண்டியும் தந்து உதவலாம். தாய்மார்கள் மதிய உணவுக்குத் துணை நிற்கலாம்.

சாலையும் ஆலையும் நம் ஊருக்கு வந்துவிட்டன. அவற்றைக் கண்டு வியப்பவர்களாக மட்டும் நம் பிள்ளைகள் வளர வேண்டாம். தம் கையால் ஒன்றைப் படைத்து, தம் வாயால் தம் ஊரின் கதையைச் சொல்லவும் அவர்கள் கற்கட்டும். வரும் கிராம சபையிலேயே இதற்கு வித்திடுவோமாக.