வேலிக்குள் வேட்டை

டெக்ஸாஸ் மாநிலத்துத் தனியார் பண்ணைகளில் நம் நாட்டு நீலகாய், வெளிமான், புள்ளிமான்கள் உண்டு. 1920கள், 30களிலேயே நீலகாய் அங்கே கொண்டு போகப்பட்டது. இன்று பணம் கட்டினால் சுடலாம். அந்த இறைச்சி ஆகுமா?

பிஸ்மி சொல்லி எய்த அம்பு உடலில் எங்கே துளைத்து உயிர் போனாலும் வேட்டைப் பிராணி ஹலாலே. அது கைக்கு எட்டாதது என்பதற்காகத் தரப்பட்ட சலுகை இது. கைக்குள் அகப்பட்டதையோ தொண்டை அறுத்தே ஆகவேண்டும். ஆகவே வேலியை அல்ல, அதன் விசாலத்தைப் பார்க்கவேண்டும் என்கிறோம். எளிதில் பிடித்துவிடக்கூடிய சிறு அடைப்பில் சுட்டது வேட்டையன்று. அறுக்காமல் செத்தால் உண்ணக் கூடாது. பல்லாயிரம் ஏக்கரில் அலைந்து தேடிச் சுட்டது வேட்டைதான். துப்பாக்கிக் குண்டைப் பற்றி உலமாக்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எப்படியாயினும் உயிருடன் கிடைத்தால் உடனே அறுத்துவிட வேண்டும்.

கொம்புக்காக மட்டும் சுட்டு இறைச்சியை எறிவது வேறு சங்கதி. உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.