தாய்வழித் தடங்கள்

நுழையும்முன்

கொடிவழி என்பது ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல். நம் வீடுகளில் வழங்கும் கொடிவழிகள் பெரும்பாலும் தந்தை, பாட்டன், பூட்டன் என ஆண்வழியே செல்கின்றன. அவர்களுக்கு இணையாக வாழ்ந்த பெண்களின் பெயர்கள் மூன்றாம் தலைமுறைக்குள் மறைந்துவிடுகின்றன. செப்பேடு, தேவாலயப் பதிவேடு, கப்பல் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய ஆவணங்களின் துணையால் அப்பெயர்களை மீட்க முடியுமா? புதுச்சேரிப் பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

பெயரும் பெயர்த்தியும்

ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறு ஐந்து தலைமுறை பின்னோக்கிச் சென்றால் அத்தலைமுறையில் மட்டும் 32 முன்னோர் நிற்பர். அவர்களுள் சரிபாதியாகிய 16 பேர் பெண்கள். எனினும், அந்தப் பதினாறு பெண்களுள் ஒருவரின் பெயரையேனும் அறிந்தவர் நம்மிடையே அரியர். ஆண்வழிக் கொடிவழியை மட்டும் போற்றும் குடும்பம், தன் வரலாற்றின் பாதியை எழுதாமலே விட்டுவிடுகிறது.

தமிழ்மொழியில் இத்தேடலுக்கு உதவும் குறிப்பு ஒன்று உண்டு. பேரன், பேத்தி என நாம் வழங்கும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபுகள். பாட்டனின் பெயரைப் பெறுபவன் பெயரன். பாட்டியின் பெயரைப் பெறுபவள் பெயர்த்தி. ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வருவதை ஆவணங்களில் காணலாம். ஆகவே, ஒரு மூதாட்டியின் பெயர் தெரியாதபோது, அவருடைய பெயர்த்தியரின் பெயர்களை ஆராய்வது பயன்தரும் முதற்படியாகும்.

செப்பேட்டில் ஓர் அரசி

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர், எழுத்து ஆவணங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஆட்சிக்காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் இங்கிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. செப்பேடுகளின் வழக்கப்படி, கொடைச்செய்திக்கு முன்னர் அரசமரபின் கொடிவழி இடம்பெறுகிறது. மன்னர்கள் தந்தை, மகன் என்னும் முறையில் அதில் அணிவகுக்கின்றனர்.

அந்த ஆண்களின் வரிசையில் ஒரு பெண்ணும் இடம்பெறுகிறார். மூன்றாம் நந்திவர்மனின் தேவியாகவும் நிருபதுங்கனின் தாயாகவும் சங்கா என்னும் இராட்டிரகூடர் குலத்து இளவரசியைச் செப்பேடு குறிப்பிடுகிறது. இரு பேரரசுகளை இணைத்த மணவுறவின் சான்றாக அவர் பெயர் பதிவாயிற்று. அதிகாரம் எவரை நினைவுகூர விரும்பியதோ, அவரது பெயரே உலோகத்தில் ஏறியது. அதே காலத்தில் பாகூர் வயல்களில் நாற்று நட்ட பெண்களுக்குச் செப்பேட்டில் இடமில்லை. ஓர் ஆவணத்தைப் படிக்கும்போது அதில் யார் இருக்கிறார் என்பதோடு, யார் இல்லை என்பதையும் வினவ வேண்டும்.

பதிவேட்டில் ஒரு மருத்துவரின் மகள்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறிய தொடக்கக் காலம் முதலே கத்தோலிக்கத் தேவாலயங்களில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவை பதிவுசெய்யப்பட்டன. 1676 முதலான இப்பதிவுகளின் சுருக்கத்தை ஆளுநராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஆல்பிரட் மர்த்தினோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். இத்தகைய பதிவுகள் வழியே வாழ்க்கை முழுவதும் அறியப்படும் பெண்களுள் ஒருவர் ழான் அல்பேர்.

இவர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய அறுவை மருத்துவர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ. தாயின் குடும்பப்பெயரே போர்ச்சுக்கீசியத் தொடர்பைப் புலப்படுத்துகிறது. 1719இல், தம் பதின்மூன்றாம் வயதில், வேன்சான் என்னும் கும்பினி அதிகாரியை மணந்தார். அம்மணத்தில் பதினொரு குழந்தைகள் பிறந்தனர். 1737இல் கணவர் இறந்தார். 1741இல் சந்திரநாகூரில் துய்ப்ளேயை மணந்தார். அடுத்த ஆண்டு துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். தமிழறிந்த அவ்வம்மையார் அரசியலிலும் செல்வாக்குப் பெற்றதனை ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு பலவிடங்களில் காட்டுகிறது. 1756இல் அவர் பாரிசில் மறைந்தார்.

நாட்குறிப்பு அவரது அதிகாரத்தைக் கூறுகிறது. பதிவேடோ அவர் யாருக்கு மகள், எந்த வயதில் மணப்பெண், எத்தனை குழந்தைகளுக்குத் தாய் என்பதைக் கூறுகிறது. பதின்மூன்று வயதில் தொடங்கிய மணவாழ்வின் சுமையை எந்த அரசியல் வரலாறும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. எளிய தேதிகளை வரிசைப்படுத்தினாலே ஒரு வாழ்க்கை எழுந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

கடல் கடந்த பெண்கள்

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால் ஒப்பந்தக் கூலிமுறை வளர்ந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மர்த்தினிக்கிற்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிற்கும் முதல் தொகுதியினரைக் கொண்டுசேர்த்தது. 1880களின் இறுதிவரை குவாதலூப்பிற்கு மட்டும் 40,000க்கும் மேற்பட்ட இந்தியர் சென்றனர். இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவிற்குச் சென்றோர் அதனினும் மிகுதி.

ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து சென்றோருக்கும் இதே முறை இருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் விவரங்கள் கப்பல் பட்டியல்களில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனையடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. கூலியாளை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்ட தழும்புக்குறிப்பே, இன்று ஒரு பெயர்த்திக்குத் தன் மூதாட்டியைப் பற்றிக் கிடைக்கும் ஒரே உருவச் செய்தியாக அமைவதும் உண்டு.

ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேர் செல்லவேண்டும் என்பது ஆங்கிலேய அரசின் விதி. ஆகவே கணவனுடன் சென்றவர்களோடு, கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் தனித்துச் சென்றவர்களும் கப்பல்களில் இருந்தனர். அவர்கள் புதிய மண்ணில் குடும்பங்களுக்கு வேராயினர்.

தெரிந்து தெளிவோம்

ரியூனியன் தீவில் ‘மினாச்சி’ என்பது இன்று ஒரு குடும்பப்பெயர். மீனாட்சி என்னும் பெண்பெயரே அங்ஙனம் திரிந்தது. தந்தையால் சட்டப்படி ஏற்கப்படாத குழந்தை தாயின் பெயரைப் பெறும் என்பது பிரெஞ்சு வழக்கம். கோயில் முறைப்படி மட்டும் நடந்த திருமணங்களை அரசு ஏற்காதபோது, பிள்ளைகள் தாயின் பெயரில் பதிவாக வழியிருந்தது. ஒரு தமிழ்ப்பெண்ணின் பெயர் வழிவழியாக நிலைபெற இதுவும் ஒரு வாயிலாயிற்று.

சுசாரியாவைத் தேடி

இத்தேடல் எவ்வாறு நிகழும் என்பதைக் கயூத்ரா பகதூர் என்னும் இதழியலாளரின் முயற்சி விளக்கும். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், தம் தந்தைவழிக் கொள்ளுப்பாட்டி சுசாரியாவின் வரலாற்றைத் தேடினார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பலில், கருவுற்ற நிலையில், கணவன் துணையின்றிப் புறப்பட்டவர் சுசாரியா. கடற்பயணத்திலேயே அவருக்கு ஆண்மகவு பிறந்தது.

குடும்பத்தில் வழங்கிய வாய்மொழிச் செய்தியே பகதூரின் தொடக்கப்புள்ளி. கயானாவின் ஆவணக்காப்பகத்தில் கிடைத்த குடியேற்றச் சீட்டு, வயதையும் ஊரையும் உடற்குறியையும் தந்தது. இலண்டன் ஆவணங்கள் கப்பல் பயணங்களின் நிலையை விளக்கின. இறுதியில் அவர் சீட்டில் கண்ட பீகார்ச் சிற்றூருக்கே சென்றார். சுசாரியா ஏன் தனியே புறப்பட்டார் என்னும் வினாவிற்குச் சீட்டு விடை தரவில்லை. அவ்விடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், அவரைப்போன்று சென்ற பெண்களின் வழக்குகளையும் முறையீடுகளையும் தொகுத்து, அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்த வழிகள் யாவை என்பதை விளக்கினார். 2013இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, ஒரு பெண்ணின் கொடிவழி ஆயிரக்கணக்கான பெண்களின் வரலாறாக விரியக்கூடும் என்பதை உணர்த்தியது.

ஆற்றங்கரை ஊரில் தேடல்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சோரியாங்குப்பம் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்தது. இவ்வூரில் பிறந்த மாணவி ஒருத்தி தன் தாய்வழி முன்னோரைத் தேட விழைந்தால் எங்கிருந்து தொடங்கலாம்?

முதற்படி வீடு. குடும்பத்தின் மூத்த பெண்மணியிடம் அவர் தாயின் பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஆண்டு, உடன்பிறந்தோர் ஆகியவற்றைக் கேட்டு எழுதவேண்டும். ஆண்டு நினைவில் இல்லையெனில் பெருவெள்ளம், புயல், கோயில் குடமுழுக்கு போன்ற நிகழ்வுகளோடு பொருத்திக் கேட்கலாம். நிலப்பத்திரம், பழைய குடும்ப அட்டை, திருமண அழைப்பிதழ், பள்ளிச் சான்று ஆகியவற்றையும் தொகுக்கவேண்டும்.

அடுத்தது அரசுப் பதிவு. 1880இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் பத்துக் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டன. புதுச்சேரிக்கு உரிய நான்கனுள் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். அதே ஆண்டில் இந்தியரின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் முறையும் ஒழுங்குபடுத்தப்பட்டது. பிரெஞ்சுப் பதிவுமுறையில் தாயின் பெயரும் எழுதப்படும். திருமணப்பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோரும் சாட்சிகளும் இடம்பெறுவர். பெண் மணமான பின்னும் பிறந்தவீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவார். எனவே ஒரு திருமணப்பதிவு கிடைத்தால் இரண்டு தாய்மாரின் பெயர்கள் ஒருங்கே கிடைக்கும். பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் பலவற்றின் படிகளைப் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வழங்குகிறது.

ஆறு இங்கு ஓர் எல்லையாகவும் இருந்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள கடலூர் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. கொள்வினை கொடுப்பினையோ எல்லையறியாது நடந்தது. கடலூர்ப் பக்கத்தில் பிறந்து பாகூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பிறப்பைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அவர் பிள்ளைகளின் பிறப்புப்பதிவில் தாயாகவே முதன்முதல் தோன்றுவார். ஒரு பதிவேட்டில் பெயர் இல்லாமை, அப்பெண் இல்லாமைக்குச் சான்றாகாது.

ஐயம் களைதல்

கிடைத்த பெயர் நம் முன்னோருடையதுதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பிரெஞ்சு எழுத்தர்கள் தமிழ்ப்பெயர்களைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஒரே பெண் ஒரு பதிவில் இலட்சுமி என்றும், மற்றொன்றில் லச்சுமி என்றும் காணப்படலாம். ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலரும் இருப்பர். ஆகையால் பெயரை மட்டும் நம்பாமல், கணவன் பெயர், தந்தை பெயர், ஊர், வயது ஆகியவற்றுள் குறைந்தது இரண்டேனும் பொருந்துகின்றனவா எனக் காணவேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்தியத் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் புதிய குடும்பப்பெயர் சூடினர். அத்தகைய குடும்பங்களில் கொடிவழி இடையில் அறுபட்டதுபோல் தோன்றும். துறப்புப்பதிவே பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பாலமாகும்.

வாய்மொழிக்கும் ஆவணத்திற்கும் முரண் எழுந்தால் ஒன்றை உடனே தள்ளிவிடலாகாது. வாய்மொழியில் உறவுமுறை செம்மையாக இருக்கலாம், ஆண்டு பிழைக்கலாம். ஆவணத்தில் தேதி செம்மையாக இருக்கலாம், பெயரின் எழுத்து பிழைக்கலாம். இரண்டையும் எழுதி, எது எவ்வழி வந்தது எனக் குறித்துவைப்பதே நேர்மையான ஆய்வு.

தென்னாப்பிரிக்காவின் சோகன்னஸ்பர்க்கில் பிறந்து, அறப்போரில் சிறை சென்று, 1914இல் மறைந்தவர் வள்ளியம்மை. அவர் பெயருக்கு முன்னால் நிற்பதோ தமிழ்நாட்டின் தில்லையாடி. கடலுக்கு அப்பால் பிறந்த பெண்ணையும் மூதூரின் பெயரோடு சேர்த்தே நாடு நினைவுகூர்கிறது. பெயர் அறியப்படாத நம் மூதாட்டியரும் இவ்வாறு ஏதோ ஓர் ஊரின் மகளிர். வீட்டிலுள்ள மூத்தவர்களின் நினைவே எளிதில் அழியும் ஆவணம்; அதனை முதலில் எழுதிவைப்பது இளந்தலைமுறையின் கடன்.

சொற்பொருள்

கொடிவழி – வமிசவரிசை. கும்பினி – வணிகக் குழுமம். கொள்வினை கொடுப்பினை – பெண் எடுத்தலும் கொடுத்தலும். அரியர் – மிகச் சிலர். கொம்யூன் – பிரெஞ்சு முறை உள்ளாட்சிப் பகுதி.

கற்பவை கற்றபின்

1. உம் தாய்வழியில் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் திரட்டிக் கொடிவழிப் படம் வரைக. ஒவ்வொரு செய்திக்கும் அதனைச் சொன்னவர் யார் எனக் குறிப்பிடுக.

2. உம் குடும்பத்தில் பாட்டியின் பெயர் பெயர்த்திக்கு இடப்பட்டுள்ளதா? வகுப்புத் தோழர்களின் விடைகளோடு ஒப்பிட்டு உரையாடுக.

சிந்தித்து எழுதுக

1. பாகூர்ச் செப்பேட்டில் சங்கா இடம்பெற்றமைக்கும், கப்பல் பட்டியலில் கூலிப்பெண் இடம்பெற்றமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. ‘பதிவேட்டில் பெயர் இல்லாமை, அப்பெண் இல்லாமைக்குச் சான்றாகாது’ – கட்டுரைவழி நிறுவுக.