இணையவழித் தானமும் நால்வகைச் சிறப்பும்

இல்லறத்தார் நாள்தோறும் இயற்றுதற்குரிய கடமைகள் தேவபூசை, குரு உபாசனை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என ஆறாகும். அவற்றுள் தானத்தின் பயன் எவற்றால் வேறுபடும் என்பதை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகார இறுதியில் உணர்த்தியுள்ளார். விதி, திரவியம், தாதா, பாத்திரம் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறப்பெய்தும் என்பது அதன் கருத்து. கைபேசி வாயிலாகப் பொருள் வழங்கும் இந்நாளிலும் இந்நான்கே உரைகல்லாக நிற்றலை ஈண்டுக் காண்போம்.

பாத்திரம்: பெறுவோரை அறிந்தாலன்றி ஏனைய மூன்றும் விளங்கா. துறவியர் முதலிய நற்பாத்திரத்திற்கு அளிப்பது பாத்திரதானம். துன்புற்றோர் எவரேயாயினும் இரங்கி அளிப்பது கருணாதானம். நாம் ஆராய்வது பின்னதை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுள் புகுந்தது. அயலூரிலும் அயல்நாட்டிலும் இருந்தோர் இணையத்தின் வழியே நிதி அனுப்பினர். வெள்ள நாள்களில் உணவு தருவோர் பலர் உளர். ஆயின், நீர் வடிந்தபின் பழுதுற்ற தையல் எந்திரத்தையும் இழந்த கூலியையும் எண்ணுவோர் சிலரே. உழைத்துண்டு பழகிய குடும்பத்தார் பிறரிடம் கேட்க நாணுவர்.

வெள்ளம் வந்தால்தான் இடர் என்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 2022இல் ரூ. 1,20,000 என உயர்த்தப்பட்டது. திங்களுக்கு ரூ. 10,000க்குச் சற்று மிகுதியாக ஈட்டுவோர் அவ்வரம்பைக் கடந்துவிடுகின்றனர். தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திலும் குரோம்பேட்டைக் கடைகளிலும் பணிபுரிவோருள் இந்நிலையினர் இருத்தல் கூடும். ஒரு விபத்தே அவர்களைக் கடனில் ஆழ்த்தும்.

திரவியம்: நல்வழியில் ஈட்டிய பொருளை உரிய காலத்தில் தருதல் வேண்டும். ரூ. 20,000ஐ நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியவர் திங்கள்தோறும் ரூ. 1,000 செலுத்துவார், ஓராண்டில் ரூ. 12,000 போகும், முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டும், அவசரம் நேர்ந்தவர் அக்கதவையே தட்டுகின்றார். பத்துக் குடும்பத்தார் அன்று மாலையே தலைக்கு ரூ. 2,000 அனுப்புவாராயின் அக்கடன் தோன்றாது. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையின் பெரும்பயன் இவ்விரைவேயாகும்.

விதி: விரைவு கருதி ஆராய்வைக் கைவிடலாகாது. அறிந்தவர் ஒருவர் நேரிற்சென்று உண்மை உணர்தல் நன்று. மருத்துவச் செலவை மருத்துவமனைக் கணக்கிலும், கல்விக் கட்டணத்தைப் பள்ளிக் கணக்கிலும் செலுத்துதல் சாலச் சிறந்தது. மிலாப், கெட்டோ போன்ற நிதிதிரட்டும் தளங்களில் தருவோர், தளத்திற்கெனக் கூடுதலாகக் கேட்கப்படும் தொகையைக் கண்டறிந்தே இசைதல் வேண்டும். பணம் பெறுதற்கு இரகசிய எண் தேவையில்லை என்பதை உதவி பெறும் குடும்பத்தார்க்கும் அறிவுறுத்துக. வஞ்சிக்கப்பட்டோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடுக.

இவ்விடத்து அகிம்சையும் நினைக்கத்தக்கது. நோயுற்ற குழந்தையின் படமும் தாயின் கண்ணீரும் ஊரெங்கும் பரவினால் நிதி திரளலாம். குழந்தை வளர்ந்தபின் அப்படம் அதன் உள்ளத்தைப் புண்படுத்தாதோ? வேண்டப்படும் தொகையும் காரணமும் மட்டும் கூறிப் பெயரைக் காத்தல், உற்றாரிடையே திரட்டும்போது எளிதில் இயலும்.

தாதா: கொடுப்போர் செருக்கும் கைம்மாறு கருதுதலும் நீங்கப்பெறல் வேண்டும். அனுப்பிய தொகையின் சீட்டைப் பலர் காணக் குழுவில் இடுவது, கணக்குக்காக ஆயின் பொருந்தும். புகழுக்காக ஆயின் பயனைக் குறைக்கும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்குத் தானமே துணையாதலின், கொடுப்பவரும் இதனால் நலமுறுகின்றார்.

ஆதலின், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை வாழும் நம் குடும்பத்தார் திங்கள்தோறும் இயன்றதொரு தொகையை ஒதுக்கி வைப்பாராக. நம்பிக்கைக்குரிய இருவர் உண்மை அறிந்து கூறியவுடன் அதனை அனுப்புவாராக. அயலார் இடருற்ற நாளிலேயே சென்றடையும் சிறுதொகை, காலங்கடந்து வரும் பெருந்தொகையினும் மேலானது.

வளர்க நல்லறம்!