புல்லியன் நாட்: ஊசி சிக்காமல் ரோஜா போட

ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் எம்ப்ராய்டரி முடிச்சான புல்லியன் நாட்டைப் போட்டுப் பார்த்து, "இது நமக்கு வராது" என்று ஹூப்பை மூலையில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் தப்பு கையில் இல்லை, ஊசியில்தான். இன்றே ஒரு பழைய காட்டன் துணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

செய்ய வேண்டியவை

• மில்லினர்ஸ் ஊசி என்றே கேட்டு வாங்குங்கள். சாதாரண எம்ப்ராய்டரி ஊசிக்குக் காது அகலம். சுற்றிய நூல் அங்கேதான் மாட்டும். மில்லினர்ஸ் ஊசி காதுவரை கிட்டத்தட்ட ஒரே பருமன், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண் கூடக் கூட ஊசி மெலிசு என்பதை நினைவில் வையுங்கள்.

• நூலை 45 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீள நூல் துணிக்குள் போய்ப் போய் வந்து நைந்துவிடும்.

• ஆறு இழை நூலிலிருந்து மூன்றை ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக உருவினால் சிக்கல் விழும்.

• தையல் நீளத்துக்குத் தள்ளி ஊசியைக் குத்தி, நூல் முதலில் வெளியே வந்த அதே இடத்தில் ஊசி முனையைத் திரும்ப எடுங்கள், ஊசியை முழுக்க இழுக்காமல். அந்த முனையில்தான் நூலைச் சுற்ற வேண்டும்.

• நூலின் முறுக்கு பிரியாத பக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றிலேயே தெரியும்: இழைகள் பிரிந்து விரிந்தால் திசையை மாற்றுங்கள்.

• சுற்றின் நீளத்தைத் தையல் நீளத்தோடு வைத்துப் பாருங்கள். சமமாக இருந்தால் நாட் நேராகப் படுக்கும். இரண்டு மூன்று சுற்று கூடினால் வளையும். ரோஜா இதழுக்கு அந்த வளைவுதான் வேண்டும்.

• ஊசியை உருவும்போது சுற்றுகளை இடது கட்டைவிரலால் மெல்ல அமுக்கிக்கொள்ளுங்கள். இடதுகைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளுங்கள். விரலை எடுத்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்.

செய்யக்கூடாதவை

• இறுக்கிச் சுற்றாதீர்கள். சுற்றுகள் ஊசியை ஒட்டியிருந்தால் போதும், நெரிக்கக் கூடாது.

• ஊசி சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். துணி சுருங்கும், நூலும் அறும். விரலுக்கிடையில் ஊசியை லேசாக உருட்டிக்கொண்டே நகர்த்துங்கள்.

• முதல் ரோஜாவைப் பட்டு ப்ளவுஸில் போடாதீர்கள். பிரித்தாலும் ஊசித் துளை அப்படியே தெரியும். அழகான பட்டு இப்படி வீணாவதைப் பார்க்கவே மனசு கேட்காது.

• நீரில் அழியும் பேனாவால் வரைந்த கோட்டின்மேல் அயர்ன் வைக்காதீர்கள். சூடு பட்டால் கறை நிரந்தரம். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

• துணியை ஹூப்பிலேயே நாள்கணக்கில் விடாதீர்கள். வளையத் தடம் விழும்.

• நாட்டின்மேல் நேராக அயர்ன் போடாதீர்கள், நசுங்கிவிடும். டவல்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் தேயுங்கள்.

• குழந்தைச் சட்டையில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அடிப்பக்கமாக நூலை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். சின்ன விரல் அதில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பூவையும் முடிச்சிட்டு வெட்டுங்கள்.